கிதார் வாசிக்கத் தெரியாதவர் எழுதிய கிதார் இசை

ஸ்பானிஷ் கிதார் என்று தேடிக் கேட்கத் தொடங்குகிறவர்கள் சீக்கிரமே ஒரு மெட்டில் வந்து நிற்பார்கள். கிதார் மெதுவாகத் தந்திகளை விரித்து மீட்ட, அதன்மேல் ஒரு குழல் ஏக்கத்தோடு பாடும். அது 'கான்சியெர்தோ தெ அரன்ஹுவெஸ்' என்ற படைப்பின் இரண்டாம் பகுதி. எழுதியவர் ஹோவாக்கீன் ரொட்ரிகோ. ஜாஸ்காரர்களும் பாப் பாடகர்களும் அந்த மெட்டை எடுத்துக் கையாண்டிருக்கிறார்கள்.

இவ்வளவு பிரபலமான ஒன்றைப் பற்றி இவ்வளவு தப்பும் தவறுமாகப் பேசப்படுவது ஆச்சரியம்தான். இதை ஃபிளமெங்கோ என்கிறார்கள். யாரோ ஒரு பெரிய கிதார் வித்வான் தன் வாத்தியத்துக்காக எழுதிக்கொண்டது என்கிறார்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குவெர்னிகா நகரத்தின்மேல் நடந்த குண்டுவீச்சுக்கான இரங்கல் இசை என்றும் அடித்துச் சொல்கிறார்கள். இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தால் ரொட்ரிகோவின் இசை எப்படி வேலை செய்கிறது என்பதும் பிடிபட்டுவிடும். மேற்கத்திய இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை.

யார் இந்த ரொட்ரிகோ?

1901 நவம்பர் 22 அன்று, வலென்சியா பகுதியில் உள்ள சகுந்தோ என்ற ஊரில் பிறந்தவர். மூன்று வயதில் டிப்தீரியா என்னும் தொண்டை அடைப்பான் நோய் வந்து, பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. எட்டு வயதில் பியானோவும் வயலினும் கற்றார். நல்ல பியானோ கலைஞராக வளர்ந்தார். கிதார் மட்டும் வாசித்ததில்லை. கிதாரின் சத்தம் அவர் காதில் இருந்தது, விரலில் இல்லை.

எழுதியது பிரெயில் இயந்திரத்தில். சாதாரண இசைத்தாளில் ஒரே சமயத்தில் ஒலிக்கும் ஸ்வரங்களை மேலும் கீழுமாக அடுக்கி எழுதுவார்கள், பார்த்தவுடன் தெரியும். பிரெயிலில் அந்த வசதி கிடையாது. எல்லாமே ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் வரும். ஆகவே முழு ஆர்கெஸ்ட்ராவையும் அவர் மனதில்தான் அடுக்கி வைத்திருக்க வேண்டும். எழுதி முடித்த பிறகு படியெடுப்பவர் ஒருவரிடம் ஸ்வரம் ஸ்வரமாக, வாத்தியம் வாத்தியமாகச் சொல்லிச் சொல்லி எழுத வைப்பார். அதைச் சரிபார்ப்பது மனைவி விக்டோரியா காம்ஹியின் வேலை. இஸ்தான்புல்லில் பிறந்த யூதக் குடும்பத்துப் பெண். அவரும் பியானோ கலைஞர். 1933-ல் இவர்களுக்குத் திருமணம் நடந்தது.

அதாவது, கிதார் வித்வான் தன் கைக்கு ஏற்ப எழுதிக்கொண்ட இசை இது அல்ல. கிதார் இப்படி ஒலித்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு பியானோக்காரர் கற்பனை செய்த இசை. இதன் அழகும் இதை வாசிப்பதில் உள்ள கஷ்டமும் இங்கிருந்துதான் வருகின்றன.

ஃபிளமெங்கோ இல்லையென்றால் என்ன?

ஃபிளமெங்கோ என்பது தெற்கு ஸ்பெயினின் ஆண்டலூசியாவில், ரோமா நாடோடி மக்களின் பெரும் பங்களிப்போடு 19-ஆம் நூற்றாண்டில் உருவம் பெற்ற கலை. பாட்டும் ஆட்டமும் கிதாரும் சேர்ந்தது. அங்கே கிதார்க்காரர் ஒரு குறிப்பிட்ட தாள வட்டத்துக்குள் அந்த இடத்திலேயே இசையை வளர்ப்பார். எழுதி வைத்ததைப் பார்த்து வாசிக்கும் வழக்கம் அங்கே இல்லை. ரொட்ரிகோவின் இசையிலோ ஒவ்வொரு ஸ்வரமும் தாளில் இருக்கிறது.

ஆனால் தொடக்கத்திலேயே கிதார் தந்திகளை 'ஜல் ஜல்' என்று தட்டி மீட்டுகிறதே, அது ஃபிளமெங்கோ பாணிதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விரல்நகங்களை வெளிப்பக்கமாக ஒன்றன்பின் ஒன்றாக விசிறி, எல்லாத் தந்திகளையும் ஒரு வீச்சில் ஒலிக்க வைக்கும் அந்த முறைக்கு 'ராஸ்கேயாதோ' என்று பெயர். ஃபிளமெங்கோவில் அது உயிர்நாடி. ஆனால் அங்கே பிறந்தது அல்ல. காஸ்பர் சான்ஸ் என்பவர் சரகோசாவில் 1674-ல் அச்சிட்ட கிதார் பாடநூலிலேயே அந்த மீட்டு இருக்கிறது. ஃபிளமெங்கோ என்ற பெயரோடு ஒரு கலை மேடையேறுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்தியது அது.

ரொட்ரிகோவின் பார்வை பெரும்பாலும் அந்தப் பழைய காலத்தின்மேல்தான். அவருடைய முதல் கிதார் படைப்பு 1926-ல் எழுதிய 'சரபாந்தா லெஹானா'. அதை அவர் காணிக்கையாக்கியது 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த லூயிஸ் மிலானின் விவேலாவுக்கு. கிதாரைப் போலவே உடல் கொண்ட அரசவை வாத்தியம் விவேலா. மிலானும் வலென்சியாக்காரர், 1536-ல் அவருடைய விவேலா நூல் வெளிவந்தது அந்த நகரத்தில்தான். 'அரன்ஹுவெஸ்' என்பதும் ஓர் அரண்மனை ஊர். மாட்ரிடுக்குத் தெற்கே தாகோ ஆற்றங்கரையில், பெரிய தோட்டங்களோடு அரச குடும்பம் வசந்த காலத்தைக் கழித்த இடம். ரொட்ரிகோ மனதில் வைத்திருந்தது 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இருந்த அந்த அரசவை.

பழைய ஸ்பானிய வடிவங்களையும் நடனங்களையும் எடுத்து, புதுக்காலத்து இசை மொழியில் திரும்பச் சொல்லும் இந்தப் போக்குக்கு ரொட்ரிகோவே ஒரு பெயர் வைத்திருந்தார்: நியோகாஸ்திசிஸ்மோ. வாயில் நுழையாவிட்டால் விட்டுவிடுங்கள். அரண்மனைத் தோட்டம் முதலில், ஃபிளமெங்கோ மேலே தூவிய மசாலா என்று வைத்துக்கொண்டால் போதும்.

அந்த வாசனை எங்கிருந்து வருகிறது?

கேட்ட மாத்திரத்தில் 'இது ஸ்பெயின்' என்று தோன்றுகிறதே, ஏன்? காரணங்கள் பல. புதிதாகக் கேட்பவர்களுக்கு இரண்டு போதும்.

ஒன்று, இரண்டாவது ஸ்வரம். நம் இசையில் ஷட்ஜத்துக்கு மிக அருகில் இருக்கும் சுத்த ரிஷபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஷட்ஜத்தில் இறங்கும்போது ஒரு பாரமும் ஏக்கமும் வரும். ஆண்டலூசிய இசை வாக்கியங்களை முடிக்கும்போது அடிக்கடி இப்படித்தான் இறங்கும். இதற்கு அடிப்படையான ஸ்வர வரிசையை மேற்கில் ஃபிரிஜியன் என்பார்கள். அதில் உள்ள ஸ்வரங்கள் நம் தோடியின் ஸ்வரங்களே. ராகம் என்று சொல்லிவிடாதீர்கள். தோடியின் கமகமும் சஞ்சாரமும் அங்கே இல்லை. ஸ்வரத் தேர்வு மட்டும்தான் ஒன்று. ரொட்ரிகோ இதை அளவோடுதான் தூவுகிறார்.

இன்னொன்று தாளம். அரன்ஹுவெஸின் முதல் பகுதியை ஒலிக்க விட்டு, கிதார் தனியாகத் தொடங்கும் இடத்தில் வேகமாகச் சொல்லிப் பாருங்கள்:

தகிட தகிட — தக தக தக

முதல் பாதியிலும் ஆறு எண்ணிக்கை, இரண்டாவதிலும் ஆறு. முதலில் மூன்று மூன்றாகப் பிரிகிறது, அடுத்து இரண்டு இரண்டாக. நீளம் மாறவில்லை, அழுத்தம் விழும் இடம் மட்டும் மாறுகிறது. அந்த மாற்றம்தான் காலைத் துள்ள வைக்கிறது. மேற்கத்திய இசையில் இதை ஹெமியோலா என்பார்கள். ஸ்பானிய நடனங்களில் இது பல நூற்றாண்டுகளாக உண்டு. நடை மாற்றத்துக்குப் பழகிய நம் காதுக்கு இது சட்டென்று பிடிபடும். ஐரோப்பியப் பாடநூல்கள் இதற்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுவதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

ஆர்கெஸ்ட்ராவுக்கு நடுவே ஒற்றைக் கிதார்

என்னைப் பொறுத்தவரை ரொட்ரிகோவின் உண்மையான சாமர்த்தியம் இதில்தான் இருக்கிறது.

கான்செர்ட்டோ என்றால் ஒரு தனி வாத்தியம் முன்னே நிற்க, ஆர்கெஸ்ட்ரா அதோடு பேசுவதுபோல் எழுதப்பட்ட படைப்பு. பெரும்பாலும் மூன்று பகுதிகள் இருக்கும். அரன்ஹுவெஸ் மொத்தம் சுமார் 22 நிமிடம். பியானோவுக்கோ வயலினுக்கோ கான்செர்ட்டோ எழுதுவதில் சத்தப் பிரச்சினை பெரிதாக இல்லை. கிதார் விஷயம் வேறு. தந்தியைச் சுண்டிய கணத்தில் ஒலி உச்சத்தில் இருக்கும். அடுத்த கணமே தேயத் தொடங்கிவிடும். வயலின் வில்லை இழுக்கும்வரை ஒலிக்கும், குழல் மூச்சு இருக்கும்வரை ஒலிக்கும். கிதாருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. போதாததற்கு, 1940-ல் இது முதலில் மேடையேறியபோது கிதாருக்கு நைலான் தந்திகளே வந்திருக்கவில்லை. மேல் தந்திகள் எல்லாம் குடல்நரம்பு.

கல்யாண மண்டபத்தில் மேளம் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்ன செய்வோம்? மேளம் ஓயும் இடைவெளிக்குக் காத்திருப்போம். இல்லையென்றால் காதோரம் குனிந்து சொல்வோம். ரொட்ரிகோ இந்த இரண்டையும் செய்கிறார்.

முதலில் ஆள் எண்ணிக்கையைக் குறைத்தார். புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன், ஹார்ன், டிரம்பெட் ஆகியவற்றில் இரண்டிரண்டு, அவற்றோடு வில் வாத்தியங்கள். டிராம்போன் இல்லை. ஒரு மேளம்கூடக் கிடையாது. தாளத்தின் துள்ளல் முழுவதும் கிதாரிலும் வில் வாத்தியங்களிலும்தான். இருக்கும் வாத்தியங்களையும் மொத்தமாக முழங்க விடுவது பெரும்பாலும் கிதார் வாய்மூடி இருக்கும்போதுதான். கிதார் பேசத் தொடங்கினால் மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். வயலின்காரர்கள் வில்லை விட்டுவிட்டு விரலால் தந்தியைச் சுண்டுவார்கள். பிட்சிகாத்தோ என்று இதற்குப் பெயர். அந்தச் சுண்டலும் கிதாரைப் போலவே உடனே தேய்ந்துவிடுவதால் கிதாரை மூடாது. அல்லது ஒரே ஒரு குழல் மட்டும் கிதாரோடு பேசும்.

இரண்டாம் பகுதியான அடாஜியோவில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். முதலில் மெட்டைப் பாடுவது கிதார் அல்ல, கோர் ஆங்லே என்னும் வாத்தியம். ஓபோவின் குடும்பத்தில் சற்றுக் கனத்த குரல். கிதார் அதற்குக் கீழே கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகளை, விரித்து மீட்டிக்கொண்டிருக்கும். குழல் ஸ்வரத்தை நீட்டி நிறுத்துகிறது. பிறகு அதே மெட்டு கிதாரிடம் வருகிறது. இப்போது கவனியுங்கள்: மெட்டு வெறுமையாக வராது, சின்னச் சின்னச் சுழல்களோடும் அலங்காரங்களோடும் வரும். அழகுக்காக மட்டும் அல்ல. நீட்ட முடியாத வாத்தியம், தேய்ந்துபோகும் ஸ்வரத்தைச் சுற்றிச் சுற்றி வந்துதான் உயிரோடு வைத்திருக்க முடியும். ஒரே மெட்டு, இரண்டு உடல்கள்.

பின்னால் ஆர்கெஸ்ட்ரா முழுவதும் விலகி, கிதார் நீண்ட நேரம் தனியாகப் பேசும். இப்படித் தனி வாத்தியம் மட்டும் வாசிக்கும் கட்டத்துக்குக் கடென்சா என்று பெயர். கீழ்த் தந்திகளில் முணுமுணுப்பாகத் தொடங்கி, ஏறி ஏறி, ராஸ்கேயாதோ வீச்சில் போய் முடியும். அதன் பிறகுதான் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் அந்த மெட்டை வாய்விட்டுப் பாடும். அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததால்தான் அந்த இடத்தில் நெஞ்சு அடைக்கிறது. ஆர்கெஸ்ட்ரா தொடக்கம் முதலே முழங்கியிருந்தால் இதற்கு ஒரு மதிப்பும் இருந்திருக்காது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கிதாரின் சத்தத்தைக் கூட்ட ரொட்ரிகோ முயலவில்லை. சுற்றியுள்ள சத்தத்தை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று கணக்குப் போட்டார். இன்றைக்குப் பெரிய அரங்குகளில் கிதாருக்கு மைக் வைத்துத்தான் பலரும் வாசிக்கிறார்கள். அது வேறு கதை.

பியானோக்காரரின் கை

கிதார் பழகுகிறவர்களைக் கேட்டால் ரொட்ரிகோவை ஆசையோடும் எரிச்சலோடும் பேசுவார்கள். கைக்கு இசைவாக எழுதாதவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. பியானோவில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டை ஒன்றாக அழுத்துவது பெரிய வேலையே இல்லை. கிதாரில் ஒரு தந்தியில் ஒரு சமயத்தில் ஒரு ஸ்வரம்தான் வரும். அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்க வேண்டுமென்றால் இரண்டு தந்திகள் வேண்டும். அவற்றுள் ஒன்றில் விரலைத் தூரமாக நீட்ட வேண்டும். முதல் தந்தியை வெறுமனே விட்டு, இரண்டாம் தந்தியை நான்காம் ஃப்ரெட்டில் (கிதார் கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளில் நான்காவதில்) அழுத்தி இரண்டையும் சேர்த்துச் சுண்டிப் பாருங்கள். அரை ஸ்வர இடைவெளியில் இரண்டும் உரசும்.

இந்த உரசல் ரொட்ரிகோவுக்கு ரொம்பப் பிடித்த ஒலி. 1954-ல் எழுதிய 'மூன்று ஸ்பானியத் துண்டுகள்' தொகுப்பில் முதலில் வரும் ஃபாந்தாங்கோவைக் கேளுங்கள். பழைய நடனம் போலவே போகும். நடுநடுவே யாரோ தப்பாகத் தொட்டுவிட்டதுபோல் ஒரு கீறல். தப்பு இல்லை, வேண்டுமென்றே வைத்தது. அரண்மனைப் பாணி இசை தித்திப்பாகிவிடாமல் காப்பாற்றுவது அந்த எலுமிச்சைச் சொட்டுதான்.

வட்டத்தில் இருந்தவர்கள்

கிதார் வாசிக்காத ஒருவர் கிதாருக்கு எழுத வேண்டுமானால் சுற்றி ஆட்கள் வேண்டும். 1927-ல் ரொட்ரிகோ பாரிஸுக்குப் போய் பால் டுகாஸிடம் இசையமைப்புப் படித்தார். அங்கேதான் ஸ்பெயினின் பெரிய இசையமைப்பாளர் மனுவேல் தெ ஃபால்யாவின் அன்பு கிடைத்தது. 1928-ல் ஃபால்யாவுக்குப் பிரெஞ்சு அரசு விருது கொடுத்தபோது, அந்த நிகழ்ச்சியில் இளைஞர் ரொட்ரிகோவின் இசைக்கும் அவர் இடம் வாங்கித் தந்தார். ஃபால்யா 1920-ல் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸியின் நினைவாக ஒரு சிறு கிதார் படைப்பு எழுதியிருந்தார். கிதார் வெறும் பக்கவாத்தியம் அல்ல என்று அந்தத் தலைமுறைக்குக் காட்டிய படைப்பு அது.

அரன்ஹுவெஸுக்கு விதை போட்டவர் ரெஹினோ சைன்ஸ் தெ லா மாசா என்ற கிதார் கலைஞர். 1938-ல் சான் செபாஸ்தியான் நகரில் ஒரு சாப்பாட்டு மேசையில் இந்தப் பேச்சு எழுந்தது. இவர் கவிஞர் லோர்காவின் நண்பர். லோர்கா தன் 'காந்தே ஹோந்தோ' (ஆண்டலூசியாவின் ஆழ்ந்த பாட்டு வகை) கவிதைகளில் ஒரு பகுதியை இவருக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார். உள்நாட்டுப் போர் தொடங்கிய 1936-லேயே லோர்கா சுட்டுக்கொல்லப்பட்டார். போர் முடிந்தபின் 1939-ல் ரொட்ரிகோ தம்பதி அரன்ஹுவெஸ் கையெழுத்துப் பிரதியோடு பாரிஸிலிருந்து மாட்ரிட் திரும்பினார்கள். அதே ஆண்டு ஃபால்யா ஸ்பெயினை விட்டு அர்ஜென்டினாவுக்குப் போனார், திரும்பி வரவே இல்லை. இந்த வட்டத்தைப் பற்றிப் பேசும்போது நட்புக் கதைகளோடு இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

முதல் அரங்கேற்றம் 1940 நவம்பர் 9, பார்சிலோனா. வாசித்தவர் சைன்ஸ் தெ லா மாசாவே. 1947-ல் மாட்ரிடில் இளைஞர் நார்சிசோ யேபெஸ் வாசித்த பிறகு அதன் புகழ் இன்னும் பரவியது.

அப்போது உலகத்திலேயே பெரிய கிதார் பெயர் ஆந்த்ரேஸ் செகோவியா. அவர் அரன்ஹுவெஸை மேடையில் வாசிக்கவே இல்லை. காணிக்கை வேறொருவருக்குப் போனதில் வருத்தம் என்பார்கள். அந்த ஊகத்துக்குள் நான் போகவில்லை. ரொட்ரிகோ அவருக்காக 1954-ல் 'ஃபாந்தசியா பாரா உன் ஹெந்தில்ஓம்ப்ரே' எழுதினார். மேலே சொன்ன காஸ்பர் சான்ஸின் 17-ஆம் நூற்றாண்டு மெட்டுகளை எடுத்துக் கோத்தது. 1958-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் செகோவியா அதை அரங்கேற்றினார். ரொமேரோ குடும்பத்தின் தந்தையும் மூன்று மகன்களும் சேர்ந்து வாசிக்க, நான்கு கிதார்களுக்கான 'கான்சியெர்தோ ஆந்தலூஸ்' 1967-ல் வந்தது.

அடாஜியோவும் குவெர்னிகாவும்

ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் குவெர்னிகாவைக் குண்டுவீசி அழித்தது 1937 ஏப்ரல் 26. அடாஜியோ எழுதப்பட்டது 1939-ல். காலம் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது, இசையும் சோகம். கதை தானாக ஒட்டிக்கொண்டது. விக்டோரியா தன் நினைவுக்குறிப்பில் சொல்வது வேறு. அந்த நாட்களில் அவர்களுடைய முதல் குழந்தை பிறக்கும் முன்பே இறந்துவிட்டது. அரன்ஹுவெஸ் தோட்டங்களில் புதுமணத் தம்பதியாகச் சுற்றிய நாட்களின் நினைவும் இந்த இழப்பும் அந்த மெட்டில் சேர்ந்திருக்கின்றன. 1941-ல் மகள் செசிலியா பிறந்தாள்.

ரொட்ரிகோ இந்தச் சோகத்தை மேடையிலோ விளக்கக் குறிப்பிலோ சொல்லி இரக்கம் தேடவில்லை. அதனாலேயே மற்றவர்களின் கதைகள் அந்த இடத்தை நிரப்பிக்கொண்டன என்று நினைக்கிறேன்.

எதிலிருந்து தொடங்கலாம்?

அரன்ஹுவெஸை முழுதாக, முதல் பகுதியிலிருந்தே கேளுங்கள். அடாஜியோவை மட்டும் துண்டாகக் கேட்டால் அது வெறும் சோகப் பாட்டாகிவிடும். அதற்கு முன்னும் பின்னும் துள்ளலான பகுதிகள் இருக்கின்றன. மூன்றாவது பகுதி கிட்டத்தட்ட விளையாட்டு.

இரண்டு பதிவுகளை ஒப்பிட நேரம் இருந்தால், யேபெஸ் வாசித்த ஒன்றையும் 1991-ல் பாக்கோ தெ லூசியா வாசித்ததையும் எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கோ ஃபிளமெங்கோவின் உச்ச கலைஞர். இசைக்குறிப்புப் படித்து வளர்ந்தவர் அல்ல. இதற்காகவே உட்கார்ந்து கற்றுக்கொண்டு, ரொட்ரிகோ அரங்கில் இருக்கும்போதே வாசித்தார். தொடக்கத்து ராஸ்கேயாதோவை மட்டும் இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேட்டாலே, ஃபிளமெங்கோ கை என்றால் என்ன, கிளாசிக்கல் கை என்றால் என்ன என்று தெரியும். பாக்கோவிடம் 'தகிட தகிட தக தக தக' கத்திபோல் வெட்டும்.

அரன்ஹுவெஸ் சலித்த பிறகு 'இன்வொகாசியோன் இ தான்சா'வுக்குப் போங்கள். 1961-ல் பிரெஞ்சு வானொலி நடத்திய போட்டியில் பரிசு வாங்கிய தனிக்கிதார் படைப்பு. ஃபால்யாவுக்கு அஞ்சலி. இருட்டில் யாரையோ கூப்பிடுவதுபோல் தயங்கித் தயங்கித் தொடங்கி, நடனமாக மாறும். ரொட்ரிகோவின் கிதார் இசையில் இதுவே உச்சம் என்பது என் கட்சி. முதல் தடவை பிடிக்காமல் போகலாம். ஹெட்போன் போட்டு இரண்டாம் தடவை கேளுங்கள், தொடக்கத்து மெல்லிய ஸ்வரங்கள் போன் ஸ்பீக்கரில் காதில் விழவே விழாது.